வலது கால்

கன்னியா வீதி, யப்பான் சாமான் கடை.
செயின் இல்லாத சைக்கிள்கள், மூடி இல்லாத றைஸ் குக்கர்கள்,
அவற்றுக்குப் பின்னால் அது சாய்ந்து நின்றது.
"அலையில ஓடுற பலகை, தங்கச்சி.
உப்புவெளிப் பொடியன்கள் கேட்டுட்டுப் போனவங்க.
உங்களுக்கெண்டா ஏழாயிரம்" என்றார் இஸ்ஸதீன் நானா.

அது அலைக்கல்ல, பனிக்கு என்று
நான் சொல்லவில்லை.
விலை பேசும் இடத்தில் அறிவைக் காட்டக்கூடாது.

கார்த்திகையில் ஹொக்கைடோ போகிறேன்.
பராமரிப்பு நிலையத்தில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம்.
லீவு நாளில் என்னடி செய்வாய் என்று கேட்டதற்கு
முன்னே போன சுகிர்தா ஒரு படம் அனுப்பினாள்:
மல்லாந்து கிடக்கிறாள்,
வாய் முழுக்கப் பனி, வாய் முழுக்கச் சிரிப்பு.

ஏஜென்சிக்குக் கட்டியதும்
அடகுக் காப்பின் வட்டியும் போக
கையில் பதினெட்டாயிரம்.

சுகிர்தாவின் குரல் ஃபோனுக்குள்ளிருந்து அதட்டுகிறது:
பலகையில காசைக் கொட்டாதை.
பலகை இங்க வாடகைக்குக் கிடைக்கும்.
கால் உன்ரை கால். சப்பாத்தை வாங்கு.
விரல் நுனி முட்டவேணும், மடங்கக்கூடாது.
முழங்காலை முன்னுக்கு மடி, குதி எழும்பினால் கழற்றி வை.
ஹெல்மெட் மட்டும் பழசு வாங்காதை.
அடிபட்ட ஹெல்மெட்
அடிபட்டதை வெளியில சொல்லாது.

முப்பத்தாறு பாகை வெயில்.
இரண்டு சோடிக் காலுறை போட்டு
ஆவணி மாதத்துக்குள் பாதத்தைத் திணிக்கிறேன்.
முதல் சோடியில் இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு.
இரண்டாவதற்குள் ஒரு கரப்பான் குடும்பம்.
மூன்றாவது ஊதா நிறம், ஒரு கயிறு எலி கடித்தது.
மடிக்கிறேன். குதி அசையவில்லை.
"சந்திரனுக்கோ போறீங்க?" கடைப் பொடியன் கேட்கிறான்.
ஓம், கடன் பட்டு.

பலகையையும் ஒருதரம் நிமிர்த்திப் பார்த்தேன்.
என் மூக்கைத் தாண்டி நின்றது.
நாடியோடு நிற்கவேண்டும் என்று கேள்வி.
நாற்பத்தேழு கிலோவுக்கு இது வளையவும் மாட்டாது,
யாரோ கனத்த மனிசனுடைய பலகை.
திருப்பினால் அடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.
எட்டு மாதம் இரவிரவாய்ப் படித்த எழுத்து
முதல்முறை வேலை செய்தது.

"என்னவாம்?" என்றார் நானா.
"வாடகைச் சாமானாம். திருப்பித் தரட்டாம்."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப ஐயாயிரம்."

சப்பாத்து மட்டும். நாலாயிரத்து ஐந்நூறு.
கைக்கவசம் ஒரு சோடி, சும்மா போட்டுத் தந்தார்.
இனி முப்பது கிலோப் பெட்டிக்குள்
அம்மாவின் மிளகாய்த்தூளா, இதுவா என்று வீட்டில் சண்டை வரும்.
காலில் போட்டபடியே விமானம் ஏறுவேன்.
கொழும்பு விமான நிலையம் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் தெரியாமலே இருந்தது:
பலகையில் எந்தக் கால் முன்னுக்கு?
அதைத் தெரியாமல் பின்னுக்கிருந்து தள்ளித்தான் பார்க்கவேணுமாம்.
சொல்லிவிட்டுத் தள்ளினால் கணக்கில் இல்லை.
தம்பியிடம் கேட்டேன், தள்ளுமுன் சிரித்துவிட்டான்.
கண்ணை மூடி நின்றேன், கண்ணை மூடியதே சொல்லிவிட்டது.

பஸ் நிலையத்தில்,
ஒரு கையில் சப்பாத்துப் பை, மறு கையில் கதலிச் சீப்பு,
நிலாவெளி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கையில்
இடுப்புக்குக் கீழே ஒரு முட்டு.
தடுமாறி முன்னே ஒரு அடி.

திரும்பினால் புள்ளிமான்.
பொலித்தீன் தின்று பழகிய ஊர் மான்,
என் பழத்தைப் பார்த்து நிற்கிறது,
குற்ற உணர்வு ஒரு துளியும் இல்லை.

குனிந்து பார்த்தேன்.
தார் வீதியில் முன்னுக்கு நின்றது
வலது கால்.

இரண்டு பழம் கொடுத்தேன். மூன்றாவதையும்.