முந்நூறு நானோமீட்டர்

அம்மோனியாவைச் சரித்து ஊற்றினால்
எட்டேகால் மின்ரயில் அம்பத்தூரில் நின்றதுபோல்தான்:
எல்லாரும் ஒரே கதவில்.
கட்டி கட்டியாய் விழும் இட்ரியம்.

அதனால் யூரியா.
தொண்ணூறு டிகிரியில் அது
கொஞ்சம் கொஞ்சமாய்த் தன்னை அவிழ்க்கும்.
ஒன்றரை மணி நேரம்
தெளிந்த நீர் எதுவும் சொல்லாது.
பிறகு சட்டென்று அரிசி களைந்த நிறம்.
அத்தனை விதையும் அந்த ஒரு நொடியில்.
மீதி நேரம் பருப்பதற்கு மட்டும்.

வேகமாய்க் கலக்காதே என்பார் தனஞ்செழியன்,
கலக்காமலும் விடாதே.

செவ்வாய்க்கிழமை, நிறம் மாறி நாலாம் நிமிடம்,
எஸ்டேட் முழுக்கக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் ஆபீஸ் ஃபேனுக்கு மட்டும்.
கண்ணாடிக் குச்சியால் நான் கலக்கினேன்,
வியர்வை பீக்கருக்குள் விழாதபடி
முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.
பதினொரு நிமிடம்.

எண்ணூறு டிகிரி உலையில்
நீரையும் கரியையும் விட்டுச் சுருங்கின,
உருண்டை குலையாமல்.

கிண்டியிலிருந்து படம் வந்தது.
உருண்டைதான், முந்நூறுதான்.
ஆனால் இரண்டிரண்டாய்,
கழுத்தோடு கழுத்து ஒட்டி.

வாங்குகிறவருக்குத் தனித்தனியாய் வேண்டும்.

நிராகரிப்புத் தாளில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
மின்தடை என்று எழுதினேன்.
ஏழாம் நிமிடம் குச்சியைக் கை மாற்றினேன்.
கட்டம் சின்னது.