பத்து மாத அட்வான்ஸ்

வேளச்சேரியில் வீடு தேடிய நான்கு ஞாயிறுகளில்
தரகர் மாசிலாமணியிடம் கற்றுக்கொண்டேன்:
இடம் சுருங்கச் சுருங்க
நிபந்தனை பெருகும்.

பத்துக்கு எட்டு அறை.
குளியலறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும்.
அட்வான்ஸ் பத்து மாதம், அதில் ஒன்று பெயின்டுக்குப் போய்விடும்.
இரவு பத்துக்கு கேட் பூட்டு.
"என்னம்மா ஆராய்ச்சி?"
ஒளிக்கு வீடு பார்க்கிறேன் என்றேன்.
சோலார் என்று எடுத்துக்கொண்டார் வீட்டுக்காரம்மா.
நான் திருத்தவில்லை.

தரமணியில், கறுப்புத் திரைக்குப் பின்னால்,
என் பச்சை ஒளியின் அலைநீளம் ஐந்நூறு நானோமீட்டர்.
அதற்கு நான் பார்த்திருக்கும் அறை
ஐம்பது.
கடுகளவு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்,
கடுகு இங்கே பரங்கிமலை.

எந்த லேசருக்கும் இரண்டு வேண்டும்:
ஒளியைப் பெருக்கும் ஒரு பொருள்,
பெருகியதைப் போகவிடாத ஒரு கூடு.
அந்தக் கூட்டில் பாதி அலையாவது
கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பது பழைய சட்டம்.

காலியம் ஆர்சனைடில் வரிசையாகத் துளையிட்டு
வெளியேற வழியில்லாத தெருக்கள் அமைத்தார்கள்.
அழகுதான்.
அந்தத் தெருக்களுக்கே ஒரு நகர் தேவைப்பட்டது.
துத்தநாக ஆக்சைடு கம்பிக்கு
இரு முனைகளே கண்ணாடி;
ரொம்ப மெலிந்தால் பக்கவாட்டில் ஒளி கசியும்.
பெராவ்ஸ்கைட் மலிவு, கரைத்து ஊற்றினால் போதும்.
ஆனால் நம் ஊர்க் காற்றில்
மதியத்து அப்பளம் மாலைக்குள் நமுத்துவிடுமே, அந்தக் கதி.

வெள்ளிதான் வா என்றது.
தன் எலக்ட்ரான்களோடு ஒளியைக் கோத்துக்கொள்ளும்;
பாதி ஒளி, பாதி உலோகத்தின் நடுக்கம்,
எந்த இடுக்கிலும் நுழையும்.
ஆனால் வெள்ளியும் வீட்டுக்காரர்தான்.
கொடுப்பதில் பெரும்பங்கைச் சூடாகப் பிடித்துக்கொள்ளும்.
திரும்பி வராது.

வெள்ளித் தகட்டின் மேல் ஐந்து நானோ மெக்னீசியம் ஃபுளோரைடு,
அதன்மேல் ஒற்றைக் காட்மியம் சல்ஃபைடு கம்பி.
இதுதான் என் வரைபடம்.
வெள்ளிக்கிழமை, பூச்சு போடும் முன் கரண்ட் போனது.
சனிக்கிழமை பார்த்தால்
தகடு பழங்கொலுசாய்க் கறுத்திருந்தது.
ஜன்னலுக்கு வெளியே பக்கிங்காம் கால்வாய்,
அழுகிய முட்டை வாசனையோடு,
ஒன்றும் தெரியாத மாதிரி.
கட்டுரையில் அதன் பெயரையும் சேர்க்கலாம் என்றாள் நஸ்ரின்.
நான் சிரிக்க இரண்டு நாள் ஆனது.

மறுபடி வெள்ளி. மறுபடி பூச்சு. அன்றே கம்பி.
கடைசிப் பறக்கும் ரயில் போய்
மேசையின் அதிர்வு அடங்கக் காத்திருந்தோம்.
திரவ நைட்ரஜன் ஊற்ற வந்த இக்னேஷியஸ் கேட்டார்:
"லேசர் எங்கே?"
"இந்தத் தூசிக்குப் பக்கத்தில்."
"எனக்குத் தூசியே தெரியலையே."

ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.
முதலில் கொடுத்ததெல்லாம் வாடகைக்கே போனது.
மங்கலாய், அகலமாய்,
ஆளுக்கொரு பக்கம் பார்த்த வெளிச்சம்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.
பிறகு வரவு செலவைத் தாண்டிய ஒரு புள்ளியில்
திரையின் அகன்ற மேடு ஊசியாய் நிமிர்ந்தது,
நேர்கோட்டில் ஒரு முழங்கை மடங்கியது.
நஸ்ரின் என் தோளைக் கிள்ளினாள்.
இருவரும் மூச்சு விடவில்லை,
மேசை ஆடிவிடும் என்று.

நாற்பது நிமிடம்.
பிறகு கம்பி கருகியது.

மூன்று மணிக்கு கேட் பூட்டியிருந்தது.
விஜயநகர் நிறுத்தத்தில் இரண்டு டீ குடித்தேன்.
ஐந்தரைக்கு ஆவின் பையோடு வந்த வீட்டுக்காரம்மா
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"சோலார் முடிஞ்சுதா?"
"எரிஞ்சுதும்மா. நாற்பது நிமிஷம்."
"அவ்வளவுதானா?"
சாவியைத் தேட வசதியாக
பால் பையை என்னிடம் நீட்டினார்.
"சரி, கரண்ட் பில் குறையுமா?"