ஏழாவது எபிசோட்டில் ஒன்றும் நடக்கவில்லை

என்று சொல்கிறாள் ஜனூஷா.
கார்மன்ட்ஸில் இருந்து வந்து கால்கூடக் கழுவாமல்
நெஸ்டமோல்ட் டின்னில் சாய்த்துவைத்த என் போனில்
ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.
"ஒரு சாவு இல்ல. ஒரு ஓட்டம் இல்ல.
டேட்டாதான் போச்சு."

உண்மைதான்.
கோடரிக்காரன் வரவில்லை, தலைவன் வரவில்லை.
கூட்டத்தைத் தவறவிட்ட அந்தத் தபால்காரி மட்டும்
ஒரு பஸ் டிப்போவில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம், செத்த பின்னும் நடக்கிற ஒருவன்
நெற்றியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு,
அவசரமில்லாமல்.

அடிப்பதற்கு முன் அவர்களின் சட்டைப் பையில்
அடையாள அட்டை தேடுவாள் அவள்.
பெயரைச் சத்தமாக வாசிப்பாள்.
பிறகுதான் இரும்புக் கம்பி.
இவனோ கதவுக்கு அப்பால்.
நெஞ்சில் குத்திய பட்டியில் எழுத்து அழிந்துவிட்டது.
அதனால் தன் பழைய தபால் பாதையை
மனதுக்குள் நடந்து நடந்து
வீடு வீடாகப் பெயர் சொல்லிப் பார்க்கிறாள்.
பதினொன்று. பதினொன்று பை ஏ. நாய் நிற்கிற பதின்மூன்று.
முப்பதாவது பெயருக்கோ என்னவோ
அவன் தலை திரும்புகிறது.

ஜனூஷா அந்த இடத்தில் கொட்டாவி விட்டாள்.
நான் மூன்று தரம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.

அந்த நடை எனக்குத் தெரியும்.
நடித்தவர்கள் எங்கே பழகினார்களோ,
தோள் ஒருபக்கம் தொங்க, வாய் மூடாமல்,
கூப்பிட்டால் கேளாமல்.
அலை வந்த ஞாயிறு
நாவலடியில் இருந்து கல்லடிப் பாலத்துக்கு
நாங்கள் அப்படித்தான் வந்தோம்.
பல்லிடுக்கில் மணல்.
என் கையில் ஒரு சட்டி மூடி, ஏனென்று கேட்காதீர்கள்.
பாலத்தடியில் நின்ற சனம் எங்களைக் கண்டு
ஓரடி பின்வைத்தது.
அதையும் கண்டேன்.

ஒரு ஓட்டோக்காரர் மட்டும் மணிக்கட்டைப் பிடித்தார்.
"பேரென்ன புள்ள?"
பன்னிரண்டு வயது. பெயர் இல்லை.
"சுகந்தினியா? மேனகாவா? சொல்லுகா.
ஜெயவதனியா?"
லொத்தர் விற்கிற குரலில் அடுக்கிக்கொண்டே போனார்.
"றஜிதாவா?"
என் தலை திரும்பியது.
பக்கத்தில் காகம் ஏதும் கத்தியிருக்கலாம்.

முகாமில், சீ.ஆர். கொப்பியில்,
றஜிதா, பெண், நாவலடி.
இரண்டு நாள் அந்தப் பெயரில் சோறு வாங்கினேன்.
மூன்றாம் நாள் ஒருவர் வந்தார்
வகுப்பறை வகுப்பறையாக அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு.
நான் எழும்பினேன்.
வேறென்ன செய்ய, என்னைத்தானே கூப்பிடுகிறார்.
என் முகத்தைப் பார்த்தார்.
கனநேரம் பார்த்தார்.
"சாப்பிட்டியா மகள்" என்று கேட்டார்.
பிறகு கதவு நிலையில் நெற்றியைத்
தட்டிக்கொண்டு நின்றார்,
அவசரமில்லாமல்.

தபால்காரி கதவைத் திறக்கவில்லை.
கம்பியையும் எடுக்கவில்லை.
கண்ணாடியில் முதுகு சாய்த்து உட்கார்கிறாள்.
பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன, வெள்ளை எழுத்தில், வேகமாக.

"அது அவன்ட பேர்தானே?"
பாதித் தூக்கத்தில் கேட்கிறாள் ஜனூஷா.
"காகம் கத்தியிரிக்கும்."
"அவடத்த எங்க காகம்?"

போனில் நாலு வீதம்.
சார்ஜரைத் தேடுகிறேன்.