கறுப்பு நகம்

கருங்கல் சந்தையில் முப்பது ரூபாய்க்கு
கறுப்பு நெயில் பாலிஷ் வாங்கிவந்தான் ஸ்டெரின்.
பத்து விரலுக்கும் பூசிவிட்டது நான்தான்.
இடது சுண்டுவிரலில் கொஞ்சம் வழிந்துவிட்டது.

அலமாரிக்குள் தலையை நுழைத்து
அம்மாவின் சேலைகளுக்கு நடுவே போனைப் பிடித்து
ராப் பதிவான்.
பாட்டென்று சொல்லமாட்டேன்,
மூச்சு முட்ட முட்ட அடுக்கிய பேச்சு.
நாலு வரிக்கொருதரம் ‘வெப்ராளம்’ வரும்.
அப்படியென்றால் என்ன என்று கேட்டு
சென்னையிலிருந்து எவனோ மெசேஜ் போட்டிருந்தான்.
‘அது தெரிஞ்சா நான் எதுக்குட்டி பாடுதேன்?’
என்னிடம்தான் எரிந்து விழுந்தான்.

கறுப்புச் சட்டை, கண்ணை மறைக்கும் முடி.
கோயில்பிள்ளை சைக்கிளை நிறுத்தி
‘யாரு வீட்டுலடே துட்டி?’ என்றார்.
அதையும் ஒரு வரியாக்கிக்கொண்டான்.

அண்டியாபீஸ் விட்டு அம்மா வந்தாள்.
அவன் கையை இழுத்து
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தாள்.
போச்சு, இன்றைக்கு அடிதான் என்றிருந்தேன்.
தன் விரல்களைப் பக்கத்தில் வைத்தாள்,
அண்டிக்கறை அரித்துக் கறுத்த பத்து.

‘ஒனக்கு இது எத்தன நாளுல போவும்?’

‘ஒரு வாரம்.’

சோறு போட எழுந்துபோனாள்.

புதுப் பாட்டில்
முதல் பன்னிரண்டு விநாடிக்குச் சொல்லே இல்லை.
சேலை உரசுகிறது.
அவன் எதையோ தொடங்கப் பார்க்கிறான்.