இரண்டு பதிவேட்டிலும் உள்ள பெயர்

முகுருவில்
சாக்கடைக்கு இந்தப் பக்கம் அரசுப் பள்ளி.
ஒரு வகுப்பில் தொண்ணூற்றிரண்டு பேர்,
ஒரு சாக்பீஸை மூன்றாய் ஒடித்து வைத்திருக்கிறார் டீச்சர்.
பலகை தாண்டினால் தகரத்தில் அறைந்த தனியார் பள்ளி.
இருபத்தேழு பேர். மாதம் அறுநூறு ஷில்லிங்.
மழை வந்தால் பாடம் காதில் விழாது.

எந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்கு வருகிறதென்று
எண்ணிப்போக வந்தவன் நான்,
நைரோபியின் மறுமுனையிலிருந்து
இரண்டு பஸ் மாறி,
நாற்பது வினாத்தாளும் ஒரு தேய்ந்த ரப்பருமாக.

கியோகோ என்ற பெயர் இரண்டு பதிவேட்டிலும் இருந்தது.
ஜனவரியில் அங்கே.
பணம் கட்டாத மார்ச்சில் இங்கே.
மே மாதம் பாதிப் பணத்தோடு திரும்ப அங்கே.
இன்று எங்கேயும் இல்லை.

"விட்டுவிடுங்கள்" என்றார் வவின்யா போனில்,
"எந்தப் பத்தியில் போடுவீர்கள் அவனை?"

குழாயடியில் இருந்தான்,
மஞ்சள் கேன்களுக்குக் காவலாக.
சும்மா கேட்டேன், ஏழாவது கேள்வியை:
ஒரு கேன் தண்ணீர் ஐந்து ஷில்லிங், எட்டு கேன்?

"குழாய் உடைந்த நாளா, உடையாத நாளா?"

உடையாத நாள்.

"நாற்பது. கடன் சொன்னால் நாற்பத்தைந்து.
எட்டு எதுக்கு உங்களுக்கு,
தூக்க ஆள் இருக்கா?"

தனியார் பள்ளி நான்கு மதிப்பெண் முன்னால் என்று
அறிக்கை சொல்லும்.
சொல்லட்டும். கூட்டியது நான்தான், கூட்டல் சரி.

நாற்பதில் ஒரு தாள் மட்டும்
எந்தக் கட்டிலும் சேராமல்
என் சட்டைப்பையில் மடிந்து கிடக்கிறது,
வியர்வையில் ஏழாம் கேள்வி ஊறி.