நானூறு கிராம்

"லேசானதாக் குடுங்க" என்றார்
கோவையிலிருந்து வந்த மேனேஜர்.
கேத்தியில் கொழுந்து நிறுக்கும் தராசில்
இரண்டு பெயின்ட்பால் துப்பாக்கியையும்
தொங்கவிட்டுக் காட்டினேன்.
வித்தியாசம் நானூறு கிராம்.
மழைநாளில் இலையின் ஈரத்துக்கென்று
ஏஜென்ட் கழிப்பதைவிடக் குறைவு.

லேசானதோடு ஓடியவர்
டயருக்குப் பின்னால் குனியுமுன்
மாஸ்க்கெல்லாம் மஞ்சள்.

கனத்தது அக்கவுன்ட்ஸ் ரஹீலாவுக்கு.
அவள் அதைத் தூக்கவேயில்லை.
சில்வர் ஓக் வேரில் முட்டுக்கொடுத்து
மேகம் இறங்கும்வரை படுத்திருந்தாள்.
ஐந்து பேர் அவுட்.

ஆறு மணிக்குப் பெயின்ட் துடைத்து
ஆளுக்கு ஆறாய்ச் சுமந்து
ஷெட்டுக்குப் படியேறினோம், பெல்லியும் நானும்.
எழுபதாம் படியில்
மூச்சு வாங்குவதுபோல் நின்றவன்
இருட்டில் ஒன்றை
என் தோளுக்கு மாற்றி
என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

எதை என்று நான் கேட்கவில்லை.
தோளுக்குத் தெரிந்தது.