இரண்டாள் ஈரம்

குயிலாப்பாளையத்தில் ஒரு பிரெஞ்சுக்காரி
வீட்டைக் காலி செய்தபோது
ஆறாயிரம் கொடுத்து நான் வாங்கிய கம்பளம்.
சந்தன நிறம், ஓரத்தில் நீலக் கோடு.
"இந்த உப்புக் காத்துக்கு இதெல்லாம் எதுக்கு" என்று
கலியமூர்த்தி கேட்டதோடு சரி.
ஆறு மாதமாக அதை மிதிக்காமல்
சுவரோரமாகவே நடந்து
சமையலறைக்குப் போனார், வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில்
யாரோ அவுட்டானதற்கு
இவர் எழுந்தார்.
மடியிலிருந்த சங்கரா மீன் குழம்பும்
தட்டோடு எழுந்தது.

ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது.
ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும்.
தெரியும்.
தெரிந்தேதான் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன்,
அத்தனை கோபம்.
உள்ளங்கையளவு இருந்தது
முறத்தளவு ஆயிற்று.
"நீதான் பெருசாக்கினே" என்றார்.
அது உண்மை என்பதால்
மூன்று நாள் பேசவில்லை.

புதனன்று மழை விட்டது.
ஐப்பசி வெயில் கைமாற்று,
சாயங்காலத்துக்குள் திருப்பிக் கேட்கும்.
சுருட்டித் தோளில் போட்டு
மூன்று மாடி ஏற்றினேன், ஒற்றை ஆளாக.

கைப்பிடிச் சுவரில் குப்புறப் போட்டு
முதுகில் அடித்தேன்.
முகத்தில் அடித்தால் தூசி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.
சோலை நகர்க் கடற்கரை மணல் ஒரு கைப்பிடி,
நான் தேடி ஓய்ந்த கம்மல் திருகாணி,
இங்கே வந்தேயிராத ஒரு பூனையின்
வெள்ளை முடி.

தண்ணீர் ஊற்றி, சோப்பு நுரையை வைத்ததும்
மஞ்சள் சிவந்தது.
ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்தாற்போல்
கண்ணெதிரே, குபுக்கென்று.
அதுவரை கறை.
இப்போது பார்ப்பவர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள்.

சரி, கொடியில் போடலாம் என்று ஒரு முனையைத் தூக்கினால்
மறுமுனை வர மறுக்கிறது.
அந்த முனைக்குப் போனால் இது படுத்துக்கொள்கிறது.
குடித்த தண்ணீரெல்லாம் நடு வயிற்றில்.
கீழ்வீட்டு பிலோமின் குரல் கொடுத்தாள்:
"யாருங்க மேலே? என் நைட்டி பூரா சிவப்பாச் சொட்டுது!"

அந்தச் சத்தத்துக்குத்தான் வந்தார்,
இரவு ஷிப்ட் முடித்த கண்களோடு,
லுங்கியை மடித்துக் கட்டியபடி.
"பிடி."
"ம்."
"முறுக்காதே, அடித்துணி விட்டுடும்."
"தெரியும்."
மூன்று நாளைக்கு இவ்வளவு.

முறுக்காமல் எப்படிப் பிழிவது?
தரையில் விரித்து, நீளவாக்கில் மடித்தோம்.
அவர் பார்த்தார். நான் பார்த்தேன்.
குளிர்ந்த கடலில் இறங்குகிறவர் மாதிரி
முதலில் ஒரு கால் வைத்தார்.
பிறகு அடுத்தது.
அவர் அந்தக் கோடியிலிருந்தும்
நான் இந்தக் கோடியிலிருந்தும்
மிதித்துக்கொண்டே வந்தோம்.
டீ நிறத்தில் வந்தது முதலில்,
பிறகு வரத்தேநீர் நிறத்தில்,
கடைசியில் அரிசி களைந்த தண்ணீர்.
நடுவில் முட்டிக்கொண்டபோது
அவர் கால் நகங்கள் சுத்தமாகியிருந்தன.

கொடியில் போட்ட மூன்றாம் மணி நேரம்
சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது.
நாலாம் மணி நேரம்
மஞ்சளே யோசிக்க ஆரம்பித்தது.
"குறையுதில்ல?" என்றார்.
"வெயிலுக்கு மஞ்சள் நிக்காது" என்றேன்.
சோப்புக்குச் சிவந்த ஒன்று
வெறும் வெயிலுக்கு வெளிறிக்கொண்டிருந்தது.
அதற்குள் கிழக்கே கடல்மேல் கருத்துவிட்டது.
ஆளுக்கொரு முனையாக ஓடினோம்.

இரவு, இருக்கும் ஒரே டேபிள் ஃபேன் கம்பளத்துக்கு.
நாங்கள் வேர்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.
அறை முழுக்க நனைந்த ஆட்டு வாசனை,
அடியில் மெலிதாக மீன்.
ஒன்றரை மணிக்கு ஃபேன் நின்றது.
மின்துறைக்காரர் வீட்டிலும் கரண்ட் போகும்.
இருட்டில் கேட்டார்:
"காஞ்சிருக்குமா?"
கட்டிலிலிருந்து கையை இறக்கித் தடவினேன்.
மேலே காய்ந்திருந்தது.
விரலை நூலுக்குள் விட்டு
அடிவரை போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:
"இன்னும் இல்ல."